அக்கா மூட்டிய பொது அடுப்பு

அக்காவின் முதலாண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் தங்கையின் வணக்கம்.

அக்கா பாம்பனில் பிறந்தார்; மண்டபத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். கடலுக்குப் போன அத்தான் திரும்பாமற்போக, கரையோரம் கொட்டகை போட்டு, நண்டு அவித்துச் சதையெடுத்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார். பேச்சில் கறார், சோறு போடுவதில் மட்டும் தாராளம்.

அந்தக் கரையில் அதுபோல இன்னும் சில கொட்டகைகள். நண்டு அவித்த தண்ணீரை எல்லோரும் ஒரே வாய்க்காலில் விட்டார்கள். அது அக்கா வீட்டுக்கு எதிரே கடலில் விழுந்தது. தண்ணீர் கறுத்து நாறியது. தினமும் அந்தியில் கடலில் முங்கிக் குளித்துவிட்டுச் செபமாலை சொல்கிற அக்கா, இறங்குவதையே நிறுத்திவிட்டார். நான் கூப்பிட்டால், "தண்ணி தெளியட்டும்டி, அன்னைக்கு வாரேன்" என்பார்.

முதலில் அக்கா மட்டும் கழிவுநீர்த் தொட்டி கட்டினார். செலவு கூடியது. வியாபாரியோ எல்லோருக்கும் ஒரே விலைதான் கொடுத்தார். மற்றவர்களையும் கட்டச் சொன்னபோது பக்கத்துக் கொட்டகைத் தம்பி மறைக்காமல் சொன்னார்: "நீங்க சொல்றது நாயந்தான்க்கா. ஆனா தொட்டி கட்டுனவன் நட்டப்படுறான், கட்டாதவன் சம்பாதிக்கிறான். பெறகு யாரு கட்டுவா?"

அக்கா கோபப்படவில்லை. "அப்ப எல்லாரும் ஒரே அடுப்புல அவிப்போம்லே. வெறகுல மிச்சமாகுறத தொட்டிக்குப் போடுவோம்" என்றார்.

அவரவர் நண்டு அவரவர் வலைப்பையில், அடையாளத்துக்கு ஒரு கயிறு என்று பேச்சு. முதல் நாளே சண்டை. கரையில் கிடைப்பது நீலக் கயிறு என்பதால் எல்லோரும் நீலத்தையே கட்டி வந்திருந்தார்கள்; எது யார் பை என்று தெரியவில்லை. அக்கா வீட்டுக்குள் போய்த் தன் பழைய சேலைகளைக் கிழித்து வந்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தார். கல்யாணச் சேலையின் சிவப்பு, சண்டை போட்ட அந்தப் பக்கத்துக் கொட்டகைத் தம்பிக்குப் போனது. அவித்த தண்ணீரெல்லாம் தொட்டிக்குப் போனது; அதன்பிறகு வாய்க்காலுக்கு வேலையில்லை.

ஆனால் கடல் தெளிய நாளாயிற்று. அதற்குள் அக்கா படுத்துவிட்டார். சன்னலோரம் கட்டிலைப் போடச் சொல்லி, "தெளிஞ்சிருச்சாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீடு தேடி வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்தன்று அடுப்பு மூட்டாமல் பெட்டியைத் தோளில் சுமந்த கொட்டகைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சேலைக் கிழிசல்கள் இன்னும் உங்கள் பைகளில் இருப்பதைப் பார்த்தேன்.

நேற்று அந்தியில் அக்கா வீட்டெதிரே கடலில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் என் கால்விரல்கள் தெரிந்தன. என்னையறியாமல் சன்னலைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன்: "தெளிஞ்சிருச்சு, வாக்கா."