நாத்தனார் பின்னிய கல்யாண ஜடை

எனக்குப் புழுவெட்டு வந்தது கல்யாணப் பேச்சு முடிந்த பிறகுதான். இடது காதுக்குப் பின்னால், பிடரிக்குச் சற்று மேலே, இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, தோல் வழவழவென்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்கும்போது அம்மாதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"யாராண்டயும் சொல்லாத," என்றாள். "தாலி ஏறட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

நான் அப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரான பெருநகரில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வந்து இறங்கும் வரைக்கும் தலையைப் பற்றிக் கவலையில்லை. உள்ளே எல்லோரும் முடியைத் தொப்பிக்குள் அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். காஞ்சிபுரத்தில் தோல் டாக்டரிடம் மாதம் ஒரு முறை போய் அந்த இடத்தைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு ஊசியில் நம்பிக்கை இல்லை. தினமும் சின்ன வெங்காயத்தை நறுக்கி, தோல் சிவக்கும் வரை தேய்த்தாள்.

பூ வைக்கும் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் புள்ளலூரிலிருந்து வேனில் வந்தார்கள். என் தலையில் பூ வைத்தது மாப்பிள்ளையின் அக்கா. வைத்துவிட்டு உடனே நிமிரவில்லை. கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்று ஹேர்பின்னைச் சரிசெய்வதுபோல ஏதோ செய்தார். பிறகு முன்னால் வந்து, கன்னத்தைத் தொட்டு, சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்று முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தாரா, பார்க்காமல் சிரித்தாரா?

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"பார்லர்ல யாருக்கும் சொல்லிடாதம்மா. உனுக்கு நான்தான் தல பின்னுவேன்."

அவர் அழகுக்கலை கோர்ஸ் முடித்து, சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் பெண்ணுக்கு அலங்காரம் செய்பவர். அப்படிப்பட்டவர் தம்பி பெண்டாட்டிக்குத் தானே செய்கிறேன் என்பது இயல்புதான். ஆனால் நான் ஏற்கெனவே உத்திரமேரூரில் ஒரு பார்லர் அக்காவிடம் தலையைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி, எப்படி மறைப்பது என்று பேசி முடித்திருந்தேன்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? அன்னிக்கி உங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்."

"என் தம்பி கல்யாணத்துல இது வேலையா?"

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. அம்மா கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வேவு பாக்கத்தான் இந்த வேல. தலய அவுத்து பாத்துட்டு நாலு பேராண்ட சொல்லப்போறா, பாத்துக்கினே இரு."

அன்றிலிருந்து அண்ணி என்ன கேட்டாலும் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாய் என்று கேட்டார். முடி கொட்டுகிறதா என்றார். கடைசியில், "முடிய அவுத்து வுட்டு பின்னாடியிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சவுரி எவ்ளோ வேணும்னு பாக்கணும்," என்றார்.

போனில் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு தலை குளித்துவிட்டு நின்றபோது தோழி எடுத்த படம் ஒன்று இருந்தது. முடி இடுப்பு வரைக்கும் தொங்கியது. அதை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்.

"முடி சூப்பர். ஆனா உங்க வூட்டு செவுரு பச்ச கலராச்சே? இதுல நீலமா கீது."

பூ வைக்கும் சடங்குக்காகத்தான் அப்பா சுவருக்குப் பச்சை அடித்திருந்தார். நான் பதில் போடவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தோளில் ஒரு பெரிய பை. அதில் சீப்பு, கிளிப்பு, ஸ்ப்ரே, இரண்டு நீளச் சவுரி.

"ட்ரையல் பாத்துடலாம்னு வந்தேன்."

அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "தலீல எண்ணெ வெச்சிக்கினு கீறாம்மா. இன்னொரு நாளு பாத்துக்கலாமே."

"எண்ணெ இருந்தா இன்னா அத்த? எனுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க."

அம்மா அடுப்படிக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இருந்தது. அண்ணி என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தார். தேடவே இல்லை. விரல் நேராக அந்த இடத்தில் போய் நின்றது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசம்."

"பூ வெக்கிறப்பவே தெரியும். மல்லிப்பூவுக்கு நடுவுல வெங்காய வாசன வருதே, இன்னாடான்னு குனிஞ்சி பாத்தேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. சிக்கெடுத்துக்கொண்டே இருந்தார்.

"யாராண்ட சொன்னீங்க அண்ணி?"

"யாராண்டயும் சொல்லல. அவனாண்ட நீயே சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

டீயோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அண்ணி அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "வெங்காயத்த வுட்டுடுங்க அத்த. தோலு புண்ணாகிப் போய் கீது."

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். தலையில் ஒரு இடத்தில் முடி கொட்டியிருக்கிறது, சின்ன இடம்தான், வளர்ந்துவிடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அவ்ளோதானா? வுடு. ஊசி ரொம்ப வலிக்குதா?"

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனுக்குத் திரும்பி வேலையைத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. ஊசியைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் யார் யாருக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டே கழித்தேன். மாமியார் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, எதைத் தெரிந்துகொண்டு கேட்கிறார் என்று யோசித்தேன்.

கல்யாணத்தன்று காலை உத்திரமேரூர் மண்டபத்தில், மணமகள் அறையின் கதவை அண்ணி உள்பக்கம் தாழ் போட்டார். அம்மா அவர் கைக்கு ஒரு முழ தூரத்தில், அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது பக்கத்து முடியில் ஒரு பகுதியைப் பிரித்து, அந்த இடத்தின் மேல் படியவைத்து, உள்ளே இரண்டு கிளிப் குத்தி, அதன் மேல் சவுரியைச் சேர்த்துப் பின்னினார். இழுத்து வாரவில்லை. ஜடைப் பில்லைகளை வரிசையாகக் கட்டி, பூச்சரத்தைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தாழ்த்திச் சுற்றினார். பார்லர் அக்கா சொன்ன எதையும்விட இது நன்றாக இருந்தது.

கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் உள்ளே வந்து ஜடையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இன்னா கனம்! சவுரியா, சொந்த முடியா?"

"சொந்த முடிதான். நான்தான பின்னுனேன்," என்றார் அண்ணி. கண்கூட இமைக்கவில்லை.

எனக்காகத்தான் சொன்னார். ஆனாலும், இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறதே என்றுதான் மேடையேறும்போது நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, வீட்டுக்காரரிடம் ஊசியைப் பற்றி நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. பூ வைத்த அன்றே வேனில் திரும்பும்போது அக்கா சொல்லிவிட்டாராம். ஊசி குத்திய புள்ளிகளையும் பார்த்திருக்கிறார். அவளே சொல்லும் வரைக்கும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று சொன்னதும் அக்காதானாம்.

அடுத்த வாரம் அண்ணி வீட்டுக்குப் போனேன். கொடியிலிருந்து துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"யாராண்டயும் சொல்லலன்னு சொன்னீங்களே?"

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "நீ சொல்றியா, இல்லியான்னு பாத்தேன். சொல்லாம இருந்தா நானே கல்யாணத்த நிறுத்தியிருப்பேன்."

"முடிக்காகவா?"

"முடி போனா வளரும். நீ மறச்சிக்கினு வந்திருந்தீன்னா, அதுக்கு."

"நீங்களும்தான மறச்சீங்க அண்ணி."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு பாதித் துண்டுகளை என் பக்கம் தள்ளினார். "ஆமா. நானும்தான். மடி."

மடித்தேன். இப்போது அந்த இடத்தில் முடி வந்துவிட்டது. முதலில் வெள்ளையாக, பூனை முடிபோல வந்து பிறகு கறுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கல்யாணங்களுக்குப் போய் ஹேர்பின்னும் பூவும் எடுத்துக் கொடுக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் உண்மையிலேயே கல்யாணத்தை நிறுத்தியிருப்பாரா, சும்மா சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்வார். சொல்வது நிஜமா என்று யோசிக்க வேண்டிவரும் என்பதால் கேட்கவில்லை.