பார்மட் அடிக்காத ரஞ்சிதம்

செஞ்சியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ஆளாளுக்குச் சொல்வது ஒரே வைத்தியம்தான்: பார்மட் அடி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதே கதை. ரஞ்சிதம் மட்டும் அதற்கு லேசில் ஒப்ப மாட்டாள். பாலிடெக்னிக் முடித்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்ட முதல் வருடத்தில், ஒரு வாத்தியாரின் கம்ப்யூட்டரை அவசரப்பட்டு பார்மட் அடித்து, அவர் மகளின் சின்ன வயசுப் படங்களையெல்லாம் தொலைத்தவள் அவள். மனுஷன் திட்டவே இல்லை, சரி விடும்மா என்று எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தாலாவது மறந்திருப்பாள். பன்னிரண்டு வருடம் ஆகியும் மறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பிளெக்ஸ் பேனர் கடை பச்சைமுத்து அவளுக்கு போன் செய்தான். அப்டேட் பாதியில் கெட்டு, கம்ப்யூட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டதாம். யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது, மாற்றினால்தானே. அதிலிருந்து 'மாற்றங்களை நீக்குகிறோம், அணைக்க வேண்டாம்' என்று காட்டும், அணைந்து மறுபடி எழும், மறுபடி அதையே காட்டும். வந்து பார்த்த இரண்டு பேரும் பார்மட் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ரஞ்சிதம் போனபோது கடை வாசலில் பனமலை மீனம்பாள் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தனகோட்டி இறந்து பதினோரு நாள், ஞாயிற்றுக்கிழமை கருமாதி. மகள் கல்யாண பேனருக்காக அவர்கள் கொடுத்த அவருடைய படம் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. எடுத்த போன் தொலைந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. வேறு எங்கேயும் அந்தப் படம் இல்லை.

“எல்லாத்தையும் டெஸ்க்டாப்லயே வச்சிருக்கேன்க்கா. போச்சுன்னா மொத்தமும் போச்சு” என்றான் பச்சைமுத்து.

“கண்ணுக்கு முன்னாடி இருந்தா பத்திரம்னு நெனச்சியாக்கும். தள்ளு.”

பதறாத காரியம் சிதறாது. ரஞ்சிதம் தன் பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினாள். சி டிரைவைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பச்சைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான், மீனம்பாள் எழுந்தே விட்டாள். ரஞ்சிதத்துக்குச் சிரிப்புதான் வந்தது. இப்படி வெளியிலிருந்து எழுப்பினால் சில நேரம் டிரைவ்களின் எழுத்து மாறிவிடும். டி-யைத் திறந்தாள். கடையின் எட்டு வருடமும் அங்கே இருந்தது.

முதலில் அத்தனையையும் தன் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தாள். நகல் கைக்கு வந்த பிறகே வைத்தியம் என்பது அவள் சட்டம். அப்புறம் அரைகுறையாகத் தொங்கிய அப்டேட் வேலைகளை ரத்து செய்யும் கட்டளையை, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, டி என்றே போட்டுத் தட்டினாள். பதினைந்து நிமிடம் ஆனது. மறுபடி எழுந்த கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது.

பச்சைமுத்து படத்தைத் தேடித் திறந்தான். பனமலை ஏரிக்கரையில் தனகோட்டியும் மீனம்பாளும் நின்றிருந்தார்கள். இறந்தவர் படத்தில் உயிரோடு இருப்பவரை வைத்து மாலை போடக் கூடாதல்லவா? கல்யாண பேனருக்கு வெட்டியது போலவே அவரை மட்டும் தனியாக வெட்டி, படத்திலேயே ஒரு கோட்டும் மாட்டிவிடுகிறேன் என்று கத்தரிக்கோல் குறியை எடுத்தான்.

மீனம்பாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாலை போட ஆதார் படமே போதும்பா. இத வெட்டாத. எங் கையப் புடிச்சிருக்காரு பாரு. முப்பது வருசத்துல அன்னிக்கி ஒரு நாளுதான் புடிச்சாரு.”

ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். ஆமாம், பிடித்திருந்தார். வெட்டாமல் முழுசாகப் பெரிய அளவில் பிரிண்ட் போடச் சொன்னாள்.