மிச்சம் வைக்காத அங்கிள்

பனி பெய்துகொண்டிருந்ததா, பெய்து முடித்திருந்ததா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் ஜன்னல் முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம். அதில் சாம்பார் ஆவி மெல்ல மிதந்து போனது. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு. எனக்கு எட்டு வயது.

கீழ்வீட்டு அங்கிள் சாப்பிட வந்திருந்தார். போலந்துக்காரர், தனியாள், கடிகாரம் ரிப்பேர் செய்து ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர் என்பதே, வாஷிங் மெஷின் அறையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். அன்று மூன்று மணிக்கு கிளப் ஹவுஸில் அதைப் பற்றிப் பேசப்போகிறார், வாழ்நாளில் முதல்முறையாக.

"அத்தனை பேர் முன்னாடி பேசப்போற மனுஷன் வெறும் வயித்தோட போகலாமா?" என்று அம்மாதான் கூப்பிட்டுவிட்டாள்.

அம்மா சாதம் போட்டாள். தட்டு காலியானது. அம்மாவுக்குக் காலித் தட்டு என்றால் 'இன்னும் போடு' என்று அர்த்தம். அவர் "நோ, தேங்க் யூ" என்றார். நம் வீடுகளில் முதல் மூன்று 'வேண்டாம்' சும்மா மரியாதைக்கு என்று அவருக்கு யார் சொல்வது? மறுபடி சாதம் விழுந்தது. மறுபடி கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். நாலாவது தடவை அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"எவ்வளவு ஆசையா சாப்பிடறாரு பாருங்க!"

"ஆசையா? மாட்டிக்கிட்டு முழிக்கறாரு. கொஞ்சம் மிச்சம் வெச்சாத்தான் நீ விடுவேன்னு பாவம் அவருக்குத் தெரியல" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கிளப் ஹவுஸில் மேஜையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குரலே எழும்பவில்லை. எல்லாம் அந்த நாலாவது சாதத்தின் வேலை என்று நான் முடிவுகட்டினேன். ஹீட்டர் இதமாக இருந்தது, கண் சொருகியது. அவர் சொன்னதெல்லாம் தூக்கத்துக்குள் விட்டுவிட்டு வந்தது. ஒரு ரயில். ஒரு அண்ணன். ஒரு ரொட்டித் துண்டு. அதில் பாதியை அண்ணன் நாளைக்கு என்று சட்டைக்குள் மிச்சம் வைத்தான். மறுநாள் ரொட்டி இருந்தது, அண்ணன் இல்லை. அன்றிலிருந்து, யார் எதைப் போட்டாலும் மிச்சம் வைக்கத் தன்னால் முடிவதில்லை என்றார்.

அம்மாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த அப்பா, அதையும் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, வலிக்குது."

அவள் விடவில்லை.

அடுத்த ஞாயிறும் அம்மா அவரைக் கூப்பிட்டாள். அளவாக ஒரே ஒரு தடவை பரிமாறினாள். அவர் வழித்து முடித்துத் தட்டையே பார்த்தபடி காத்திருந்தார். அம்மா உள்ளே போய் ஒரு காலிப் பாத்திரத்தை எடுத்துவந்து, அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஆல் ஃபினிஷ்."

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் குக்கர் நிறையச் சாதம் இருந்ததை நான்தான் என் கண்ணால் பார்த்தேனே! அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

அங்கிள் சமையலறையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பாத்திரத்தை நிமிர்த்தவே இல்லை.

"ஆல் ஃபினிஷ்" என்றாள் மறுபடியும்.

"ஆல் ஃபினிஷ்" என்றார் அவரும், அப்படியே அம்மாவின் உச்சரிப்பில்.

ஸ்பூனைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். சாட்சிக்குக் குக்கரையே தூக்கிவர ஓடிய என்னை, ஸ்வெட்டர் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார் அப்பா. பெரியவர்கள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டு பச்சைப் பொய்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் அம்மா இவ்வளவு கஞ்சமாகிவிட்டாளே. இன்னொரு கரண்டி கேட்கக்கூட வெட்கப்பட்டு, பசியோடு அந்த மனிதர் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்று.