காக்கா தட்டிய தலை

பறவையைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். விலங்கியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கழுத்தில் பைனாகுலரோடு குளத்தங்கரையில் திரிகிற பெண் சங்கரன்கோவிலில் நான் ஒருத்திதான். கேள்விகளும் சுற்றிச் சுற்றி அதே நாலைந்துதான். பைக் கண்ணாடியைக் குருவி ஏன் கொத்துகிறது? உள்ளே தெரிவதை எதிரி என்று நினைக்கிறது, ஒரு துணியைக் கட்டிவையுங்கள். விழுந்த குஞ்சை மனுஷர் கை தொட்டால் தாய் சேர்க்காதாமே? சேர்க்கும், தைரியமாகக் கூட்டில் வையுங்கள். லவ் பேர்ட்ஸ் தன் இறகைத் தானே பிடுங்குகிறதே? கூண்டு சின்னது, அதற்குப் பொழுது போகவில்லை. கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் "சரிம்மா, ஆனா எங்க வீட்ல அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டு, நினைத்து வந்ததையே செய்வார்கள். அப்பாவின் தலையில் காக்கா தட்டும்வரை அது எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மேலநீலிதநல்லூரில் குமாஸ்தா வேலையை முடித்துவிட்டு வீட்டோடு வந்த கொஞ்ச நாளிலேயே டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை ஆட்டோவில் போய் வருவோம். அன்றைக்குச் சித்திரை வெயில். ஆட்டோ எங்கள் வாசல்வரை வராது, வேப்பமரத்தடியில் இறங்கி நடக்க வேண்டும். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த எட்டு வைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு காக்கா சத்தமில்லாமல் வந்து அவர் உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போனது.

ரத்தம் வரவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அப்பா நிமிர்ந்து மரத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் தடவிக்கொண்டு, "சரி, காக்கா சொல்லிட்டு" என்றார்.

காக்கா தலையில் தட்டினால் சாவு வருகிறது என்று அர்த்தம். சனீஸ்வரனின் வாகனம், பொய் சொல்லாது. இது எங்கள் ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாத பாடம். அம்மா ஓடிவந்து, கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அவர் தலையில் அப்பினாள்.

"ஏளா, நான் இனிமே ஆஸ்பத்திரிக்கு வரலை," என்றார் அப்பா, அவளிடம். "ஆட்டோக்காரன்ட்ட சொல்லிரு."

டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான் விடவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்தின் உச்சிக் கிளையில் கூடு, கூட்டில் குஞ்சுகள், சிவந்த வாயைத் திறந்துகொண்டு. இறங்கி வந்து மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்பா, கூட்டுல குஞ்சு இருக்கு. குஞ்சு இருந்தா காக்கா யாரையும் தட்டும். வேகமாப் போறவங்களை விட்டுரும். நீங்க மெதுவா, நின்னு நின்னு வந்தீங்களா, கூட்டை நோட்டம் விடுதாருன்னு நெனைச்சிட்டு. அவ்வளவுதான்."

அப்பா முழுவதும் கேட்டார். அவர் எதையும் பாதியில் வெட்டமாட்டார்.

"நீ சொல்லுதது சரிதான் மக்கா. நடக்க முடியாதவனைப் பாத்துத்தான் தட்டும். அதைத்தானே நானும் சொல்லுதேன்."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு மரத்தடியில் மெதுவாக நடந்தேன். அப்பா சன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நடையில் ஹெல்மெட்டில் டொக்கென்று விழுந்தது. "பாத்தீங்களாப்பா, என்னையும் தட்டுது!" என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அம்மா வாசலில் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எம்புள்ளையையும் தட்டிட்டே! ஏட்டி, ஒன்னைய யாருட்டி அங்கன போகச் சொன்னா?"

எனக்கும் ஒரு கை புற்றுமண் கிடைத்தது.

கூட்டைக் கலைத்துவிடலாம் என்று அம்மா கம்பு தேடினாள். அதை அப்பாவே தடுத்தார். "குஞ்சு கெடக்குன்னு புள்ள சொல்லுதால்லா? விடு." என் பேச்சில் அந்தப் பகுதியை அவர் முழுதாக நம்பினார். தனக்கு உதவாத பகுதியை மட்டும்.

அதன் பிறகுதான் அம்மா பரிகாரத்தைச் சொன்னாள். காக்கா தட்டினவர் செத்துவிட்டார் என்று ரத்த உறவில் ஒருவருக்குப் பொய்யாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் நம்பி அழ வேண்டும். அந்த அழுகையோடு சாவு கழிந்துவிடும். பிறகு உடனே கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, நாலு திட்டு வாங்கிக்கொண்டால் முடிந்தது.

நான் சிரிக்கவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா தட்டியதிலிருந்து முதல்முறையாக அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்காவுக்குச் சொல்லு," என்றார். "அவதான் அழுவா."

கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிற என் அத்தை, அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவள் அழுதால் அப்பா அடுத்த ஆட்டோவில் ஏறிவிடுவார். என் படிப்பு செய்யாததை இது செய்யுமென்றால் செய்துவிட்டுப் போகட்டும். அம்மாவால் வாயால் சொல்ல முடியாது என்பதால் நானே போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் அப்பா.

"அத்தை..." என்றேன். பொய்தான். எதிரே அப்பா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அந்தச் சொல் வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா போயிட்டாங்கத்தை." அம்மாவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"எப்பம்?" என்றாள் அத்தை.

"இப்பந்தான்."

"ம்." பிறகு நிதானமான குரலில், "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டான். போகட்டும். உங்கம்மாவை எதையாவது சாப்பிடச் சொல்லு, எடுக்க நேரமாகும். மாலை நான் வாங்கிட்டு வாரேன், நீங்க வாங்க வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அழ வேண்டியவள் அழவில்லை. நானும் அம்மாவும்தான் அழுதோம். அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், அத்தை எடுக்கவில்லை. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா அழலை," என்றார்.

"அதிர்ச்சியில அப்படித்தான்," என்று அம்மா ஏதேதோ சொன்னாள். அப்பா மெதுவாகப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் ஆவதற்குள் அத்தை வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்கடையில் பெரிய ரோஜா மாலை வாங்கி, கேரி பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் பந்தல் இல்லை, சேர் இல்லை, ஆள் இல்லை. குழம்பிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தவளைக் கட்டிலில் இருந்து அப்பா பார்த்தார்.

"வாக்கா," என்றார்.

அத்தை பையை அப்படியே போட்டுவிட்டாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள், அவர் முதுகில் அடித்தாள், கன்னத்தைத் தடவினாள். "ஏலே மூதி! இருக்கியாலே? இருந்துக்கிட்டேயா என்னைய இப்படிப் பண்ணுன? நாசமாப் போறவனே!"

"அழுதுட்டாக!" என்று அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "மதினி அழுதுட்டாக, பாத்தியாட்டி! கழிஞ்சிட்டு!"

விஷயத்தை அத்தைக்குச் சொன்னோம். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "அதுக்கென்ன, இன்னும் கொஞ்சம் அழணும்னாலும் அழுவுதேன்," என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். "இது கணக்குல வராதுக்கா."

"ஏன் வராது? கண்ணுல தண்ணி வருதுல்லா?"

"செத்துட்டேன்னு நெனைச்சு அழணும். நான் உயிரோட இருக்கதைப் பாத்துல்லா நீ அழுத."

யாராவது சிரித்திருந்தால் அந்த இடத்தில் எல்லாம் மாறியிருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது. நானே சிரித்திருக்கலாம், வாயில் வரவும் செய்தது. ஆனால் அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பியின் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் என்னலே செய்ய? நீ ஐசியூல கெடந்தப்பவே எல்லாத்தையும் அழுது முடிச்சிட்டேன். இன்னைக்கு இந்தப் புள்ள சொன்னப்ப ஒண்ணும் வரலைலே. வரவே மாட்டேங்குது."

"தெரியும்க்கா," என்றார் அப்பா. கோபமே இல்லாமல்.

வேறு யாருக்காவது சொல்லிப் பார்க்கலாம் என்றாள் அம்மா. அப்பா வேண்டாமென்றார். இனி அழாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன். அத்தை சாயங்காலம் பஸ் ஏறிப் போனாள். அந்த மாலையை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிணத்துக்கென்று வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது. தூர எறியவும் அம்மாவுக்கு மனமில்லை. சன்னல் கம்பியில் பையோடு தொங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. விடிந்ததும் மாடிக்குப் போனேன். கூடு காலி. குஞ்சுகள் பக்கத்துக் கிளைக்குத் தாவி, தடுமாறி, றெக்கையை அடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கரண்ட் கம்பி வரைக்கும் பறந்துவிட்டது. அவ்வளவு வேகமாக நான் படியில் இறங்கியதே இல்லை. அப்பாவை எழுப்பி, கையைப் பிடித்து, மரத்தடிக்கே கூட்டிவந்துவிட்டேன். பெரிய காக்கா இரண்டும் மதில்மேல் உட்கார்ந்திருந்தன. அப்பா ஓர் எட்டு வைத்தார், நின்றார், மூச்சு வாங்கினார். அவை அசையவில்லை.

"பாருங்கப்பா! குஞ்சு பறந்துட்டு, இனிமே தட்டாது. சும்மா உக்காந்திருக்கு பாருங்க! நான் சொன்னது சரியா இல்லையா?"

அப்பா அந்தக் காக்காக்களைப் பார்த்தார்.

"சொல்ல வேண்டியதை ஒருதடவை சொல்லியாச்சு. பெறவு எதுக்கு மக்கா தட்டணும்?"

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. "அண்ணாச்சி, போவமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ போய்ட்டு வாய்யா," என்றார் அப்பா.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும், கூடினால் நெஞ்சில் ஏறிவிடும். அம்மா எப்போதும் சின்ன டம்ளரில்தான் கொடுப்பாள், அதற்காக இருவருக்கும் சண்டை வரும்.

"ஏளா, சொம்புல கொண்டா," என்றார். "நெறைய."

அம்மா சண்டை போடவில்லை. உள்ளே போய்ப் பானையில் மொண்டு, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.