மூன்று முறை முப்பத்திரண்டு

ஐம்பதுகளின் நடுவில் பொன்னேரியில் சுகாதார அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தேன். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பத்தில் அம்மை குத்த ஏற்பாடாகியிருந்தது. அம்மைப்பால் சூடு பட்டால் செத்துவிடும்; பிறகு குத்தியும் பயனில்லை. அதனால் பட்டணத்திலிருந்து முதல் ரயிலில் ஐஸ் பெட்டியில் வரும்; உருகும் தண்ணீர் பெட்டியின் அடித்துளை வழியே வடிந்துவிடும். பெட்டிக்குள் ஒரு ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர். மணிக்கொரு தரம் அதைப் பார்த்து எழுதுவது என் வேலை.

அம்மை குத்துபவர் பழவேற்காட்டுக்காரர். எல்லோருக்கும் பாய். பஸ் ஏறுமுன் பெட்டியைக் கையால் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் தூக்கினார்.

"சார், பொட்டி லேசாகீது. சோடாக் கடையில ஒரு கட்டி ஐஸ் வாங்கிப் போட்டுக்கினு போலாம்."

எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஆறு மணிக்கு முப்பத்திரண்டு. ஏழுக்கு முப்பத்திரண்டு. இப்பவும் அதே. ஒரு டிகிரி ஏறல, இன்னாத்துக்கு ஐஸு? உன் கையி இன்னா தராசா பாய்?"

"தராசு இல்ல சார். பத்து வருசமா தூக்கினுகீறேன்."

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது. உருகும் ஐஸ் எத்தனை சூட்டை வாங்கினாலும் முப்பத்திரண்டிலேயே நிற்கும், கடைசித் துண்டு கரையும்வரை ஏறாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பெட்டி நிறைய ஐஸ் இருந்தாலும் கைப்பிடி இருந்தாலும் தெர்மாமீட்டருக்கு ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தது பாயின் கைக்கு மட்டும்.

இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலேயே தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. முப்பத்திரண்டு. உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் நாலைந்து துண்டுகள். எதிர்க்காற்றில் படகு இழுபட்டது. குப்பத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை, எண்பத்து நான்கு டிகிரி. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"இது செத்துட்சி சார். இத்தக் குத்தி ஏமாத்த மாட்டேன்" என்றார் பாய். எல்லோரையும் திருப்பி அனுப்பினோம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பாய் மேல் குற்றச்சாட்டு எழுதினார். ஆதாரம் என் நோட்டு. துறைவரை முப்பத்திரண்டு, படகில் எண்பத்து நான்கு. ஆகவே படகில் பெட்டியைத் திறந்து போட்டு மருந்தைக் கெடுத்தவர் பாய்.

"நானும் படகில் இருந்தேன் சார். திறக்கவில்லை" என்றேன்.

"வாய் ஆயிரம் சொல்லும். உங்க நோட்டு கரெக்டா சொல்லுது."

சோடாக் கடையில் ஐஸ் வாங்கி ஒரு குவளையில் போட்டு என் மேஜைமேல் வைத்தேன். கால் மணிக்கொரு தரம் கிளறிக் கிளறிப் பார்த்து எழுதினேன். ஒன்பதிலிருந்து பதினொன்றேகால்வரை முப்பத்திரண்டு. பதினொன்றரைக்குக் கடைசித் துண்டும் கரைந்திருந்தது, முப்பத்தேழு. பன்னிரண்டுக்கு ஐம்பத்தைந்து. தாளை இன்ஸ்பெக்டர் முன் வைத்தேன்.

"இது சோடாக் கடை ஐஸு. பொட்டியில வந்தது பட்டணத்து ஐஸு" என்றார். ஐஸில் ஊர் வித்தியாசம் பார்த்த மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? அந்தத் தாளைக் குற்றச்சாட்டோடு குத்தி வைத்தேன். அவர் குண்டூசியைப் பிடுங்கி, தாளை மட்டும் என் மேஜைக்குத் திருப்பி அனுப்பினார்.

மாதம் முடிவதற்குள் பாயை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. ஊசிப் பையை ஒப்படைக்க வந்தவர் என் மேஜையருகே நின்றார்.

"நீங்க எழுதினது ஒண்ணும் பொய்யில்ல சார். அதான் பேஜாரு."

அவர் மேல் எழுதிய குற்றச்சாட்டை மேலிடத்துக்கு அனுப்புமுன் இன்ஸ்பெக்டர் என்னிடம் சுத்தப் பிரதி கேட்டிருந்தார். மறுத்திருக்கலாம். அலுவலகத்தில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான். ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தேன்.