அக்காவும் மொட்டைதான்

பிள்ளைகளே, ஐந்து வயது வரைக்கும் எனக்கும் ஜடை இருந்தது. திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த முடி. அக்காதான் தினமும் பின்னி, தன் ரிப்பனில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிவிடுவாள். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் இறங்கினால், "இன்னாடி பாப்பா, எங்க போய்க்கினு இருக்கே?" என்று கேலி செய்வார்கள். அழுதுகொண்டு வந்தால், "முடி எடுத்துட்டா நீ ஆம்பளடா" என்பாள் அம்மா. நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்த வருடக் கோடை லீவில் அக்கா பெரியவளானாள். ஒன்பதாவதுக்குப் பழைய புத்தகம் வாங்கி அட்டைகூடப் போட்டு வைத்திருந்தாள். அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்கு இதுவே ஜாஸ்தி. தறியில குந்தட்டும். பையன் படிக்கட்டும்."

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் திருத்தணிக்குப் போனோம். மாமா மடியில் என்னை உட்கார வைத்து மொட்டை போட்டார்கள். ஜடை கீழே விழுந்தது. "இப்பதான்டா பையனா இருக்கே" என்றார் மாமா. எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"அக்காவுக்கும் எடுத்துடுங்க. அவளும் பையனாயிடுவா. அப்பா ஸ்கூலுக்கு அனுப்புவாரு."

மாமாவின் தொந்தி குலுங்கியது. மொட்டை போடுகிறவர், "உங்கம்மாவயும் வரச் சொல்லு நைனா, ஒரேயடியா முடிச்சிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தலையிலிருந்த பூவை அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எடுங்கண்ணா."

சிரிப்பு நின்றுபோனது. "சாமிக்குன்னு குந்திட்டா. எழுப்பக் கூடாது" என்றாள் அம்மா. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் இரண்டு தலையிலும் ஒரே சந்தனம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அக்காவின் பையையும் நானே தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா அதைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அக்காவும் மொட்டதானேப்பா?"

"நட" என்றார்.

உள்ளே, தாவணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா.

சாயங்காலம் வந்ததும் வராததுமாகத் தாவணியை விலக்கி அவள் தலை முழுக்கத் தடவிப் பார்த்தேன்.

"இன்னாடா தேடுறே?"

மொட்டை போட்டவர் எங்கேயோ கொஞ்சம் முடியை விட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.