சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரை கிடையாதாம்

இன்று காலை இன்சுலின் போட்டுக்கொண்டு, படகைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடினேன். மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு வந்ததும் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

எதிரே இருந்த சாயாக்கடையில் உட்கார்ந்து விரலைக் குத்தினேன். அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பரிசோதனைப் பட்டையில் ஒரு துளி ரத்தம் வைத்தேன்.

கடைக்காரர் கத்தினார். "எந்தா இது? சாயாக்கடையா, ஆஸ்பத்திரியா? எழுந்து போ!"

"சர்க்கரை வியாதி, சேட்டா. ரெண்டு நிமிஷம்தான்."

பட்டையின் நிறத்தை, பட்டைகள் வந்த குப்பியில் அச்சிட்டிருந்த நிறங்களோடு ஒப்பிட்டேன். சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. கண் இருட்டியது; உடனே சர்க்கரை சாப்பிட்டாக வேண்டும்.

"கொஞ்சம் பஞ்சாரை தாங்க, சேட்டா."

"சுகர்காரிக்குப் பஞ்சாரையா? நீ இங்க செத்து விழுந்தா போலீஸ் என்னையல்லே பிடிக்கும்!"

சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவருக்குத் தலையாட்டினார்கள்.

எட்டி டப்பாவைப் பிடுங்கினேன். மூன்று கரண்டி அள்ளி வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அதற்குள் படகு போய்விட்டது.

நான் எழுந்தபோது அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "கண்டோ? நாக்கை அடக்கத் தெரியாததாலதான் இவங்களுக்கு இந்த வியாதி."

மட்டாஞ்சேரியில் மனிதர்கள் நடத்தும் சாயாக்கடை ஏதாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.